வாய் பேசாத குஞ்சுக்கு உடம்பு சரியில்லை என்றால்...

கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அழும். பால் குடிக்காது. நெற்றியில் கை வைத்தால் சுடும். காலை மடக்கி மடக்கி அழுதால் வயிற்று வலி, காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் காது வலி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் கூண்டுக்குள் இருக்கிற ஒரு சின்னக் குருவிக்கு உடம்பு சரியில்லை என்றால் எப்படித் தெரியும்? அது அழாது, முனகாது. அதைவிடப் பெரிய சங்கடம், தனக்கு ஒன்றுமே இல்லாதது போல் நடிக்கும்!

நடிக்கும் என்று நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காட்டில் கூட்டம் கூட்டமாக வாழ்கிற சின்னப் பறவைகளில் எது சோர்ந்து உட்கார்கிறதோ, அதைத்தான் பருந்து முதலில் குறி வைக்கும். அதனால் முடிந்த வரை நோயை மறைத்துக்கொள்வது அதன் பிறவிக் குணம். இனி மறைக்கவே முடியாது என்கிற நிலை வந்த பிறகுதான் இறகை உப்பிக்கொண்டு உட்காரும். அதைப் பார்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது" என்று நாம் சொல்கிறோம். அந்த 'நேற்று' என்பது பெரும்பாலும் நான்கு நாள், ஐந்து நாள் நோய்.

எங்கள் வீட்டில் இருப்பது லவ் பேர்ட்ஸ். கடையில் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள், நாமும் அப்படியே சொல்கிறோம். இதன் சரியான பெயர் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, கொஞ்சம் குண்டாக, குட்டை வாலோடு இருக்கும். நம் வீடுகளில் இருக்கும் இந்த நீள வால் குருவி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1840ல் ஜான் கோல்ட் என்ற பறவை அறிஞர் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோன பிறகு உலகம் முழுக்கக் கூண்டுப் பறவையாகிவிட்டது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த லவ் பேர்ட்ஸுக்கு அந்தத் தடை இல்லை. பிள்ளைகள் கிளி வேண்டும் என்று அடம் பிடித்தால் இதைச் சொல்லிப் புரிய வைக்கலாம்.

எங்கள் ஊர் நாமக்கல். கோழிக்கும் முட்டைக்கும் பேர் போன ஊர். என் மாமனார் 2021ல் பேரனுக்காக ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தார். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். வாங்கி வந்தது பேரனுக்கு என்று பேர்தானே தவிர, காலையில் கூண்டைத் திறந்து தினை வைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் அவரேதான். 2022 ஆவணியில் அவர் தவறிவிட்டார். அதற்குப் பிறகு ஐப்பசியில் அந்த ஜோடி முதல் தடவையாக முட்டை வைத்தது. ஒன்று விட்டு ஒரு நாள் ஒன்றாக ஐந்து முட்டை. பதினெட்டு நாள் அடைகாத்து மூன்று குஞ்சு பொரித்தது. கடைசிக் குஞ்சுக்கு என் பையன் 'பட்டு' என்று பேர் வைத்தான். "அப்பாரு பாக்காம போயிட்டாரே" என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் பாயை விரிப்பார். ஒரு குருவிக் குஞ்சின் உடம்பு எங்கள் வீட்டில் ஏன் அவ்வளவு பெரிய விஷயமாயிற்று என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நோயைக் கண்டுபிடிக்க முதலில் ஆரோக்கியம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். நல்ல ஆரோக்கியமான லவ் பேர்ட் சதா துறுதுறுவென்று இருக்கும். கண் பளிச்சென்று, இறகு உடம்போடு வழவழவென்று படிந்திருக்கும். மூக்கு ஓட்டையைச் சுற்றி ஈரமோ பொருக்கோ இருக்காது. மத்தியானத்தில் தூங்கும்போது ஒற்றைக் காலைத் தூக்கி இறகுக்குள் வைத்துக்கொள்ளும். எச்சம் நடுவில் கரும்பச்சைச் சுருளும் அதன் மேல் வெள்ளையுமாக, கெட்டியாக விழும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை போடும் என்பதால், கூண்டுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தால் காலையில் அந்தத் தாளே நமக்கு ஒரு டாக்டர் சீட்டு மாதிரிதான். குஞ்சுக்கு நெற்றியில் மூக்கு வரைக்கும் கோடு கோடாக இருக்கும். மூன்று நாலு மாதத்தில் இறகு உதிர்ந்து முளைக்கும்போது அந்தக் கோடு மறைந்துவிடும். அந்தச் சமயம் கொஞ்சம் சோர்வாக இருப்பது சகஜம்தான். ஆனால் சாப்பாடு குறையாது.

இன்னொரு பழக்கமும் எங்கள் வீட்டில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் பையன் ஒவ்வொரு பறவையையும் எடை போடுவான். பள்ளிக்கூடத்தில் ஏதோ அறிவியல் செய்முறைக்காக ஆரம்பித்தது, பிறகு வழக்கமாகிவிட்டது. சமையலுக்கு வாங்கிய டிஜிட்டல் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, முள்ளை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பறவையை டப்பாவுக்குள் விட்டு மூடினால் ஒரு கிராம் வித்தியாசம்கூடத் தெரியும். பெரிய லவ் பேர்ட்டே முப்பதிலிருந்து நாற்பது கிராம்தான் இருக்கும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவான். அந்த நோட்டுதான் பட்டுவைக் காப்பாற்றியது என்று இப்போதும் நான் நினைக்கிறேன்.

2023 தை மாதம். பட்டுவுக்கு இரண்டரை மாதம் இருக்கும். முந்தின வாரம் 34 கிராம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை 31. "தராசு தப்பும்மா" என்றான் பையன். மற்ற இரண்டு குஞ்சையும் போட்டுப் பார்த்தோம். அவை போன வாரம் இருந்தபடியே இருந்தன. தராசு சரிதான். கூண்டைப் பார்த்தால் பட்டு மற்றவற்றோடு சேர்ந்து தினைக் கிண்ணத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. கொத்திக்கொண்டும் இருந்தது. கிண்ணமும் நிறைய இருந்தது.

இந்தக் 'கிண்ணம் நிறைய' என்பதில் ஒரு சூது இருக்கிறது, சகோதரிகளே. இந்தப் பறவைகள் தினையை அப்படியே விழுங்காது. உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு அரிசியை மட்டும் தின்னும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே வெறும் உமி. முறத்தில் புடைத்துப் பழகிய நமக்குத் தெரியாதா? லேசாக ஊதினால் உமி பறந்து, உண்மையில் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நான் தினம் காலையில் ஊதித்தான் தினை போடுவேன். அன்றைக்கு ஒரு யோசனை தோன்றியது. பட்டுவை மட்டும் சின்னக் கூண்டில் தனியாக விட்டு, ஒரு ஸ்பூன் தினை வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஊதிப் பார்த்தேன். உமியே பறக்கவில்லை. குஞ்சு கொத்துவது போல் கொத்தியதே தவிர, ஒரு மணிகூட உரித்துத் தின்னவில்லை.

உட்கார்ந்து உற்றுப் பார்த்தபோது மற்றதும் புரிந்தது. ஒரு தினையை எடுத்து அலகுக்குள் உருட்டும், கீழே விட்டுவிடும். கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விடுவது மாதிரி செய்யும். தலையைச் சடாரென்று உதறும். தலையில் இறகு பிசுபிசுவென்று ஒட்டி, குச்சி குச்சியாக நின்றது. பக்கத்தில் போனால் புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. எச்சம் சின்னதாகவும் தண்ணீராகவும் இருந்தது. வாந்தி எடுக்கிற பறவை தலையை உதறுவதால் அது தலை மேலேயே தெறித்துக் காய்ந்து போகிறது. திங்கட்கிழமை எடை 29. செவ்வாய் காலையில் 28.

ஆறு கிராம் என்றால் நமக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு மல்லிகைச் சரத்தின் கனம்கூட இல்லை. ஆனால் 34ல் ஆறு போவது, அறுபது கிலோ இருக்கும் ஒரு பெண்மணி பத்து கிலோவுக்கு மேல் இளைப்பதற்குச் சமம். அதுவும் ஒன்பதே நாளில்!

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். "ஏனுங்க அக்கா, இதுக்குப் போயி டாக்டருங்களா? பண்ணையில கோழிக்குப் போடற மருந்து இருக்குதுங்க. ஒரு சிட்டிகை தண்ணியில கலக்கி வெச்சீங்கன்னா சரியாப் போயிருமுங்க" என்றார். இன்னொருவர் பிராந்தி இரண்டு சொட்டு விடச் சொன்னார். வேறொருவர் பிள்ளைக்கு வாங்கிய காய்ச்சல் மருந்தில் கால் ஸ்பூன் என்றார். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோவை 30 கிராமால் வகுத்தால் இரண்டாயிரம். ஒரு மாத்திரையை இரண்டாயிரம் துண்டாக நறுக்க எந்தக் கத்தியால் முடியும்? தவிர, எந்த நோய் என்று தெரியாமல் எந்த மருந்து? தண்ணீரில் கலந்து வைப்பதிலும் ஒரு சிக்கல். உடம்பு சரியில்லாத பறவை தண்ணீரே குடிக்காமல் இருக்கலாம், அல்லது மருந்துக் கசப்பினால் இருந்த தாகத்தையும் அடக்கிக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போகும் வரை வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கதகதப்பு. பறவையின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. நமக்கு 37தானே. சாப்பிடாத பறவைக்கு அந்தச் சூட்டைத் தக்க வைத்துக்கொள்ளவே சக்தியெல்லாம் செலவாகிவிடும். அதனால்தான் இறகை உப்பிக்கொண்டு உட்காருகிறது. சின்னக் கூண்டின் மூன்று பக்கமும் துணி போட்டு மூடி, ஒரு ஓரத்தில் கூண்டுக்கு வெளியே நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றைப் போட்டோம். இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிற எல்.இ.டி. பல்பில் சூடு வராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். உள்ளே சுமார் 30 டிகிரி இருந்தால் போதும். ஒரு ஓரம் மட்டும்தான் சூடாக இருக்க வேண்டும். அதிகமாகத் தோன்றினால் பறவை தானே மறு ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளும். குச்சியைக் கீழே இறக்கி, தண்ணீரையும் தினையையும் எட்டுகிற இடத்தில் வைத்தோம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலில் போய்விட்டால் அந்த நிமிஷமே முடிந்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் அது சூட்டினால் வந்த அவஸ்தை. அதற்குப் பல்பு போடக்கூடாது. நிழலும் காற்றும் தண்ணீரும்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முதலில் போன இடத்தில், "குருவிக்கெல்லாம் இங்கே பார்க்கறதில்லைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மாடு, ஆடு, கோழி பார்க்கிற கை வேறு, முப்பது கிராம் உயிரைப் பார்க்கிற கை வேறு. அங்கே இங்கே விசாரித்ததில், கூண்டுப் பறவைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பது தெரிந்தது. கிளம்பும்போது என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் வாசலில் நின்று, "இருநூத்தம்பது ரூவாக் குருவிக்கு ஆட்டோவே நானூறு ஆகும் போல இருக்குதுங்களே" என்று சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை. உள்ளேயிருந்து மாமியார்தான், "காசு அவுரு பென்சன் பணத்துல இருந்து நான் தர்றேன். நீ போயிட்டு வா கண்ணு" என்றார். மாமனார் பென்ஷனில் அவருக்கு வருவதில் அது வரை தனக்கென்று ஒரு ரூபாய் செலவழித்து நான் பார்த்ததில்லை.

காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், அடியில் துண்டு விரித்து, மேலே துணி மூடிக் கொண்டுபோனோம். இருட்டில் பறவை பயப்படாது. காலை எச்சம் விழுந்த தாளையும், எடை நோட்டையும் கையோடு எடுத்துப்போனோம். டாக்டரம்மா அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். "எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நாங்கள் கவலைப்படுவோம். இது அதற்கு மேலேயே போயிருக்கிறது" என்றார். பிறகு குஞ்சைக் கையில் எடுத்து நெஞ்சைத் தடவினார். என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். நடு நெஞ்சில் ஓடுகிற எலும்பு கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. நல்ல பறவைக்கு அதன் இரண்டு பக்கமும் சதை மேடாக இருக்க வேண்டுமாம். தராசு இல்லாத வீட்டில் இந்த எலும்பைத் தடவிப் பார்த்தே இளைப்பைத் தெரிந்துகொள்ளலாம்.

தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையிலிருந்து பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் ஈரத்தை எடுத்து, கண்ணாடியில் தடவி, சூடு ஆறும் முன்னே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஆறிவிட்டால் கிருமி அசையாது, கண்டுபிடிப்பது கஷ்டமாம். என் பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். "அம்மா, குட்டி குட்டியா நீந்துது!" என்று கத்தினான். ட்ரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் கிருமி. புறா வளர்க்கிற பையன்கள் 'கேங்கர்' என்று சொல்வது இதைத்தான். தொண்டையையும் தீனிப்பையையும் புண்ணாக்கிவிடும். பறவைக்குப் பசி இருக்கும், விழுங்க முடியாது. பட்டு கிண்ணத்தைக் கொத்திக்கொண்டே பட்டினி கிடந்ததற்கு இதுதான் காரணம்.

எப்படி வந்தது என்று கேட்டேன். சில பெரிய பறவைகள் தங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலே இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருக்குமாம். அவை குஞ்சுக்கு வாயோடு வாய் வைத்து இரை ஊட்டும்போது இறங்கிவிடும். ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பதாலும் பரவும். புறாக்களிடம் இது அதிகம். அதனால் புறா வாய் வைக்கிற இடத்தில் கூண்டோ தண்ணீரோ இருக்கக் கூடாது. காய்ந்த இடத்தில் இந்தக் கிருமி பிழைக்காது என்பதால் கிண்ணங்களைத் தினம் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைப்பதே பெரிய பாதுகாப்பு. பறவைக்கு வரும் இந்தக் கிருமி மனிதருக்கு ஒட்டாது என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மருந்து ஏழு நாளைக்கு. பட்டுவின் எடையைக் கணக்கிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுத்து, அலகின் ஓரத்தில் எப்படிச் சொட்டு சொட்டாக விட வேண்டும் என்று செய்து காட்டினார். நோய் தெரியாத தாய் தகப்பனுக்கும் அண்ணன் அக்காவுக்கும் சேர்த்தே மருந்து. ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவற்றிடமிருந்து திரும்ப வந்துவிடுமாம். முதல் இரண்டு நாள் அவரே மெல்லிய குழாய் வழியாகக் கூழ் ஊட்டினார். இதை வீட்டில் நாமாகச் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"பிழைச்சுக்குமுங்களா?" என்று கேட்டதற்கு அவர் பொய் சொல்லவில்லை. "இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நான் மருந்தே எழுதியிருக்க மாட்டேன். இப்போது பாதிக்குப் பாதி" என்றார்.

அந்த ஏழு நாளும் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. புதன்கிழமை எடை 27. அன்று ராத்திரி பட்டு கூண்டின் தரையில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டது. அப்படித் தரைக்கு இறங்கிவிட்டாலே ஆபத்து என்று எங்களுக்குத் தெரியும். மாமியார் பாயைக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வெந்நீர் பாட்டில் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போய், "அத்தை, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்றால் கேட்கவில்லை. பையன் தூங்குவது போல் படுத்திருந்தானே தவிர தூங்கவில்லை. அந்த இருட்டில் எனக்கு ஒன்று தோன்றியது. போன ஆவணியில் அவனுடைய அப்பாரு போனபோது ஆஸ்பத்திரிக்குள் அவனை விடவில்லை. அப்போது அவன் அழவும் இல்லை. இந்தக் குஞ்சுக்குப் பக்கத்திலாவது இருக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும். பிழைத்தாலும் சரி, போனாலும் சரி, "போய்ப் படு, இது உன் வேலையில்லை" என்று மட்டும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமையும் 27. குறையவில்லை! வெள்ளி 28. அன்று ஊற வைத்து வடிகட்டிய தினையையும் வேக வைத்து மசித்த முட்டையையும் வைத்தேன். மஞ்சள் கருவில் கொஞ்சம் அலகில் ஒட்டிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தது மாமியார்தான். சனிக்கிழமை 29. அடுத்த வாரம் 31. இரண்டு வாரம் கழித்து 33. ஊதினால் உமி பறந்தது. உமி பறப்பதைப் பார்த்து ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டது எங்கள் வீட்டில்தான் இருக்கும்!

இதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டும் நாங்களே கவனித்தும் தெரிந்துகொண்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பகலில் உப்பிக்கொண்டு இரண்டு காலும் ஊன்றித் தூங்குவது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, தரையில் போய் உட்காருவது, வாந்தி, எச்சத்தில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர். நாளை என்பது இவ்வளவு சின்ன உயிருக்கு ரொம்ப தூரம். பெண் பறவை வயிறு வீங்கி, முக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். அதற்கு மணிக்கணக்குகூடக் காத்திருக்கக் கூடாது. அலகைச் சுற்றித் தேன்கூடு மாதிரி வெள்ளைப் பொருக்கு வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. இது மெதுவாகத்தான் முற்றும், டாக்டர் தரும் மருந்தில் குணமாகும். எண்ணெய் தடவிக்கொண்டே காலம் கடத்த வேண்டாம். மூச்சு விடும்போது கீச் கீச்சென்று சத்தம் வந்தால் கழுத்துக் கழலையாக இருக்கலாம். வெறும் தினையையே தின்னும் பறவைக்கு அயோடின் சத்து கிடைப்பதில்லை. நமக்கு அயோடின் உப்பு எதற்கோ, அதே காரணம்தான். அதற்காகப் பறவைக்கு உப்புப் போட்டுவிடாதீர்கள், உப்பு அதற்கு ஆகாது. தினையோடு கொத்தமல்லி, முருங்கைக்கீரை, கேரட் துருவல், கடல் நுரை என்று சொல்கிற கணவாய் ஓடு எல்லாம் கொடுத்தால் பாதி நோய் எட்டிப் பார்க்காது. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காப்பி, வெங்காயம் கூடவே கூடாது.

சமையலறை விஷயமும் ஒன்று உண்டு. நான்-ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்து புகைந்தால் நமக்குத் தெரியாத ஒரு ஆவி வரும். அது கூண்டுப் பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். அதனால் கூண்டு சமையலறைப் பக்கமே இருக்கக்கூடாது. கொசுவத்தி, சாம்பிராணிப் புகை, பட்டாசுப் புகை, பூச்சி மருந்து ஸ்பிரே எல்லாவற்றிலிருந்தும் தள்ளியே வையுங்கள். புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதம் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே பழைய கூண்டில் விடுங்கள்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளி இனப் பறவைகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் மனிதருக்கு வரக்கூடும். காய்ந்த எச்சத் தூசியை முகர்வதால் வருவது. எச்சத்தைப் பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடைத்து எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் கூண்டு கழுவும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் வந்தால், "எங்கள் வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கிறது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தெரிந்துவிட்டால் அதற்கு மருந்து இருக்கிறது.

இருநூற்றைம்பது ரூபாய்க் குருவிக்கு இவ்வளவா என்று உங்களில் சிலருக்கும் தோன்றலாம். ஆட்டோ, டாக்டர் பீஸ், மருந்து எல்லாம் சேர்த்தால் அந்தப் பணத்துக்கு நாலைந்து ஜோடி புதிதாகவே வாங்கியிருக்கலாம்தான். ஆனால் வாங்கி வந்து கூண்டில் அடைத்தது நாம். காட்டில் இருந்திருந்தால் அதற்குக் கூட்டம் உண்டு, வானம் உண்டு. நம் வீட்டில் அதற்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? வாய் திறந்து கேட்க முடியாத ஜீவனின் தேவையைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்வது பெண்களுக்குப் புதிதா என்ன? பேச்சு வராத பிள்ளையை அப்படித்தானே வளர்த்தோம்! அதே கண்ணைத் தினம் ஒரு ஐந்து நிமிஷம் கூண்டுப் பக்கமும் திருப்பினால் போதும். இன்று அதன் குரல் நேற்றுப் போல் இருக்கிறதா, உட்கார்ந்திருப்பது நேற்றுப் போல் இருக்கிறதா, ஊதினால் உமி பறக்கிறதா? இந்த மூன்று கேள்வியையும் தினம் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் எடை போட்டு எழுதும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஓர் உயிருக்குப் பொறுப்பேற்பது என்றால் என்னவென்று எந்தப் பாடப் புத்தகத்தையும் விட அந்த நோட்டு அவர்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.